பிள்ளையைத் தனியே அனுப்புவது எப்போது? முத்தியால்பேட்டைக்குப் பிறகு நாம் சொன்ன தவறான பதில்

2024 மார்ச் 2, சனிக்கிழமை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக்கு அருகே விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு மாணவி. அன்று அவள் வீடு திரும்பவில்லை. மூன்று நாட்கள் தேடினார்கள். மார்ச் 5 அன்று அதே பகுதியின் வாய்க்கால் ஒன்றில் அவள் உடல் கிடைத்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த இருவர் கைது செய்யப்பட்டார்கள்.

ஊர் கொதித்தது. சாலை மறியல் நடந்தது, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், மார்ச் 8 அன்று முழு அடைப்பு. விசாரணைக்குச் சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. அரசு அந்தக் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. கைதான இருவரில் மூத்தவர் அதே ஆண்டு செப்டம்பரில் காலாப்பட்டு மத்தியச் சிறையில் இறந்துபோனார். அந்தச் சிறுமியின் பெயர் ஊருக்கே தெரியும். ஆனாலும் சட்டம் அதை எழுதத் தடை செய்கிறது, நாமும் எழுதப்போவதில்லை.

முழு அடைப்பு நடந்த அந்த மார்ச் 8 வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள். அடுத்த செவ்வாய்க்கிழமை ரமளான் முதல் நோன்பு. அந்த நாட்களில் நம்மிடம் வந்த தாய்மார்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஹஜ்ரத், பிள்ளைய எத்தனை வயசுல தனியா வெளிய அனுப்பலாம்? மக்தபுக்கு அனுப்பலாமா? தராவீஹுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் அனுப்பலாமா?"

நாம் பதற்றத்தில் ஒரு பதில் சொன்னோம். பத்து வயது வரை தனியே எங்கும் அனுப்பாதீர்கள் என்றோம். மிம்பரில் நின்று சொன்ன பதில் அல்லவா, மக்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைவை அடுத்த இரண்டு வாரங்களில் கண்டோம். மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். ரமளான் முடிந்தும் அவர்களில் சிலர் திரும்பவில்லை.

ஒரு தாய் வந்து சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. கணவரை இழந்தவர், வீட்டு வேலைக்குப் போகிறவர். "நீங்க சொன்ன மாதிரியே செய்யறேன் ஹஜ்ரத். வெளிய விடறதில்ல. உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுப் போறேன்." உள்ளே 8 வயதுப் பெண்ணும் 5 வயதுப் பையனும். சமையல் எரிவாயு சிலிண்டரும் மின் இணைப்பும் உள்ள ஒற்றை அறை வீடு. தீப்பிடித்தால் அந்தப் பிள்ளைகள் எப்படி வெளியே வருவார்கள் என்று நாம் கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார்: "வெளிய விட்டா என்ன ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு இப்போதாவது ஒழுங்காகப் பதில் சொல்ல முயல்கிறோம்.

சட்டம் வயது சொல்கிறதா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் எந்தச் சட்டமும் இத்தனை வயதுக்குக் கீழ் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கைவிட்டாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு அதற்குத் தேவையற்ற துன்பம் நேரச் செய்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெற்றோர் தம் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் பிள்ளையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 93ஆம் பிரிவில் 12 வயது என்ற எண் வருகிறது. ஆனால் அது பிள்ளையை ஒரேயடியாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்வோருக்கானது. கடைக்கு அனுப்பும் தாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெளிநாடுகளிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். பிரிட்டனில் சட்டம் வயதைக் குறிக்கவில்லை. பிள்ளையை ஆபத்தில் தள்ளும்படி விட்டுச் சென்றால் குற்றம் என்கிறது. அங்குள்ள குழந்தைப் பாதுகாப்பு அமைப்பினர், 12 வயதுக்குக் குறைந்தவர்களை வீட்டில் நீண்ட நேரம் தனியே விடும் அளவுக்குப் பக்குவம் வருவது அரிது என்று அறிவுரை மட்டும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2018இல் எதிர்த் திசையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போதிய வயதும் பக்குவமும் உள்ள பிள்ளை தானே பள்ளிக்கு நடந்து போவதையும் வெளியே விளையாடுவதையும் பெற்றோரின் அலட்சியமாகக் கருதக்கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்திலும் வயது எண் இல்லை.

ஒரே வயதுடைய இரண்டு பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டு தெருக்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சட்டம் இயற்றுவோர் எண்ணைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுவே.

ஃபிக்ஹு சொல்லும் அளவுகோல்

நாம் சொன்ன "பத்து வயது" மார்க்கத்திலிருந்து எடுத்ததும் அல்ல. மத்ரஸாவில் ஏழாண்டு ஓதிய நமக்கு இது அப்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் "தம்யீஸ்" என்றொரு நிலை பேசப்படுகிறது. நன்மை தீமையைப் பிரித்தறியத் தொடங்கும் பருவம். இது பெரும்பாலும் ஏழு வயதையொட்டி வரும் என்கிறார்கள். ஆனால் அதை வரையறுக்கும்போது நம் இமாம்கள் வயதை முன்வைக்கவில்லை. தானே உண்ணவும், தானே பருகவும், தானே சுத்தம் செய்துகொள்ளவும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் அது தம்யீஸ் அடைந்த பிள்ளை என்றார்கள். பிள்ளை செய்து காட்டும் செயலை வைத்தே முடிவு செய்தார்கள்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அந்நிஸாவில், அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பது பற்றிய ஆறாம் வசனம் இன்னும் தெளிவானது. திருமணப் பருவம் வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், அவர்களிடம் பக்குவத்தைக் கண்டால் ஒப்படையுங்கள் என்பது அதன் கருத்து. சோதனை முதலில், பொறுப்பு பிறகு. பணத்துக்கே இந்த ஒழுங்கு என்றால், ஒரு பிள்ளையைத் தெருவில் தனியே அனுப்பும்போது எத்தனை நிதானம் வேண்டும்?

ஆகவே கேட்கவேண்டியது "வயது எத்தனை?" என்பதோடு நிற்கக்கூடாது. இந்தப் பிள்ளைக்கு அத்தா அம்மாவின் முழுப் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் மனப்பாடமா? சாலையைக் கடக்கும்போது நின்று இருபுறமும் பார்க்கிறதா, பந்து ஓடினால் பின்னாலேயே ஓடுகிறதா? தெரிந்தவர் கூப்பிட்டாலும் "அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லத் தெரியுமா? சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்குத் திரும்பிய அனுபவம் உண்டா? இவற்றையெல்லாம் பின்னாலேயே நடந்து சில நாட்கள் சோதித்துப் பார்த்த பெற்றோர்தான் தனியே அனுப்பலாமா என்று முடிவு செய்ய முடியும். 7 வயதில் இதைச் செய்யும் பிள்ளையும் உண்டு, 11 வயதில் செய்யாத பிள்ளையும் உண்டு.

ஓநாயைப் பற்றிய பயம்

இத்தனையும் சரியாக இருந்தும் முத்தியால்பேட்டைச் சிறுமியைக் காப்பாற்றியிருக்க முடியுமா? அவள் எங்கோ தொலைதூரம் போகவில்லை. தன் வீட்டுப் பக்கத்திலேயே, பிறந்து வளர்ந்த தெருவிலேயே இருந்தாள். அவளுக்கு வழி தெரியும், வீடு தெரியும், ஆட்களைத் தெரியும். இங்கேதான் நம் பயம் தவறான திசையைப் பார்க்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் ஒரு விஷயம் மாறுவதே இல்லை. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். குடும்பத்தினர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருபவர். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிடச் சற்று அதிகம். "பையன்தானே, அவனுக்கென்ன" என்று தெருவில் விட்டுவிடும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் வெளிவந்த வழக்கு நினைவிருக்கும். 11 வயது மாற்றுத்திறனாளிச் சிறுமி. பொது இடத்தில் தனியே விடப்பட்டவள் அல்ல. சுற்றுச்சுவரும் காவலாளியும் மின்தூக்கி இயக்குபவரும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்தவள். அவளுக்குப் பல மாதங்கள் கொடுமை இழைத்தவர்கள் அந்தக் குடியிருப்பில் வேலை பார்த்தவர்கள்தாம். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் 15 பேருக்குத் தண்டனை விதித்தது. பாதுகாப்பு என்று நாம் நம்பிய கதவுக்கு உள்ளேயே அது நடந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் 60 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்தார். அந்நியர் மீதுள்ள பயம் ஒரு பிள்ளையையும் காப்பாற்றவில்லை. குற்றமற்ற ஓர் உயிரைப் பறித்தது.

இந்த இடத்தில் யூசுஃப் அத்தியாயத்தை மீண்டும் ஓதிப் பார்க்க வேண்டும். சிறுவர் யூசுஃபை (அலை) விளையாட அனுப்புங்கள் என்று அண்ணன்மார் தந்தையிடம் கேட்கிறார்கள். தந்தை யஃகூப் (அலை) தயங்குகிறார். நீங்கள் கவனமில்லாமல் இருக்கும்போது ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகச் சொல்கிறார். கடைசியில் ஓநாய் எதுவும் செய்யவில்லை. கிணற்றில் போட்டவர்கள் கூட அழைத்துச் சென்றவர்கள். பிறகு பொய் இரத்தம் பூசிய சட்டையோடு வந்து பழியை ஓநாய் மீது போட்டார்கள். நபியின் வீட்டிலேயே இது நடந்தது என்றால், "எங்கள் சொந்தக்காரர், எங்கள் ஜமாஅத்துக்காரர், தொழுகையாளி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.

இதற்காக எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. பிள்ளைக்கு உறவுகள் வேண்டும், மாமாவும் சாச்சாவும் வேண்டும். ஆனால் பிள்ளையைத் தனியறையில் ஒருவரோடு விடும் முன்பும், ஒருவரோடு தனியே வண்டியில் அனுப்பும் முன்பும், தெருவில் விடும்போது யோசிப்பதைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

தெருவின் கண்கள் எங்கே போயின?

புதுச்சேரியின் பழைய தமிழ்ப் பகுதியும் அதன் தெற்கிலுள்ள முஸ்லிம் தெருக்களும் எப்படிக் கட்டப்பட்டன என்று பாருங்கள். வீட்டு வாசலில் திண்ணை. அதற்கு வெளியே தெருவை நோக்கி மரத்தூண்களோடு தாழ்வாரம். முல்லா வீதியில் இன்றும் அதன் எச்சங்கள் உண்டு. வெயிலில் நடப்பவருக்கு நிழல், வயதானவருக்கு உட்கார இடம். அவற்றுக்கு அப்பால் இன்னொரு பயனும் இருந்தது. அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே தெருவில் ஓடும் ஒவ்வொரு பிள்ளையின் மீதும் நாலைந்து பெரியவர்களின் பார்வை இருந்தது. "யார் வீட்டுப் பிள்ளை, எங்கே போறே?" என்ற குரல் எங்கிருந்தாவது வரும். நாம் சிறுவனாக இருந்தபோது அந்தக் குரல் நமக்குத் தொல்லையாகத் தெரிந்தது. இன்று அதன் அருமை புரிகிறது.

கல்லூரியில் பி.ஏ. படித்த நாட்களில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி அறிந்தோம். 1961இல் நகரங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், ஒரு தெருவின் பாதுகாப்பை அங்கே வசிப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் தங்களை அறியாமலே வைத்திருக்கும் கண்காணிப்பே உறுதி செய்கிறது, போலீஸ் அதற்கு அடுத்தபடிதான் என்று விளக்குகிறார். நம் தாழ்வாரங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

இப்போது திண்ணையை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்கிறோம். வாசலில் இரும்புக் கதவு. வீட்டுக்காரர் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருக்க, வீடு பூட்டிக் கிடக்கிறது. இல்லையேல் தங்கும் விடுதியாகிறது. வீட்டில் இருக்கும் பெரியவரும் உள்ளே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழைகள் வாழும் பகுதிகளில் வேறு கதை. அங்கே ஒற்றை அறை வீட்டின் முற்றமே தெருதான். பிள்ளை தெருவில் இருப்பது பெற்றோரின் அலட்சியம் ஆகாது, அதற்கு இருக்கும் ஒரே இடம் அது. முத்தியால்பேட்டை சம்பவத்துக்குப் பிறகு "பெத்தவங்க ஏன் வெளிய விட்டாங்க?" என்று நம்மில் பலர் கேட்டோம். 9 வயதுப் பிள்ளை தன் வீட்டு வாசலில் விளையாடுவதைக் குற்றமாக்கிவிட்டு, அந்தத் தெருவில் இருந்த மற்ற அனைவரையும் கணக்கிலிருந்து விடுவித்துவிட்டோம். பிள்ளையை இழந்த தாயிடம் கேட்கும் கேள்வியா அது?

நபி (ஸல்) அவர்களின் மதீனாவில் சிறுவர்கள் தெருவில் இருந்தார்கள். நபியவர்கள் அவர்களைக் கடந்து செல்லும்போது ஸலாம் சொன்னார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அனஸ் (ரலி) நபியவர்களின் இல்லத்தில் பணிவிடை செய்த சிறுவர். ஒரு நாள் அவரை ஒரு வேலையாக அனுப்புகிறார்கள். வழியில் கடைவீதியில் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டு அவர் நின்றுவிடுகிறார். திடீரெனப் பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பினால் நபியவர்கள், சிரித்தபடி. சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லப் பெயரில் கேட்கிறார்கள். முஸ்லிம் நூலில் உள்ள இந்த ஹதீஸை நாம் நற்குணத்துக்கு உதாரணமாகவே சொல்லி வந்திருக்கிறோம். பிள்ளை வளர்ப்புக்கும் இதில் பாடம் இருக்கிறது. சிறுவனைத் தனியே அனுப்பினார்கள், பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்ற கவனம் விலகவில்லை. தவறியபோது அடி இல்லை, சிரிப்பு இருந்தது.

மூஸா (அலை) அவர்களின் சகோதரியையும் நினைத்துப் பாருங்கள். ஆற்றில் விடப்பட்ட குழந்தையைப் பின்தொடர்ந்து, யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போனார் என்று அல்கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. "தனியே விடுவது" என்பதற்கு மார்க்கம் காட்டும் முறை இதுதான்: கை விலகலாம், கண் விலகக்கூடாது. ஒரு தாயின் கண் எட்டாத இடத்தில் தெருவின் கண் இருக்க வேண்டும்.

பள்ளிவாசலுக்குள்ளும் பார்க்க வேண்டும்

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆலிம்களாகிய நாம், பள்ளி நிர்வாகிகள், மக்தப் ஆசிரியர்கள், குழந்தைக்கு "தெரிந்தவர்கள்" என்ற பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறோம். பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு நம்மிடம் பிள்ளையை விடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானத். அதனாலேயே நம்மைச் சோதனைக்கு அப்பாற்பட்டவர்களாக ஆக்கிக்கொள்ளக்கூடாது. உஸ்தாதும் பிள்ளையும் பூட்டிய அறையில் தனியே இருக்கும் சூழல் எந்த மக்தபிலும் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். தனிப்பாடம் என்றாலும் இன்னொரு பெரியவரின் பார்வை படும் இடத்தில் நடக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரத்திலும் சொல்லாமல் வந்து எட்டிப் பார்க்கலாம் என்பதை நாமே அறிவிக்க வேண்டும்.

ஏதேனும் நடந்துவிட்டதாகத் தெரிந்தால் நம் ஜமாஅத்துகளில் வழக்கமாக என்ன நடக்கிறது? இரு குடும்பத்தையும் அழைத்துப் பேசி, "மானம் போகும், பிள்ளையோட எதிர்காலம் கெடும்" என்று சொல்லி, குற்றவாளியை ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறோம். அவன் அடுத்த ஊரில் அடுத்த பிள்ளையிடம் போகிறான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இதற்கு முத்தவல்லியும் இமாமும் விதிவிலக்கு அல்லர். மார்க்கத்தின் பார்வையிலும் அநீதி இழைத்தவனுக்கு மறைவிடம் கொடுப்பது ஸுலுஹு ஆகாது. சமரசம் செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உரியது. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதே இல்லை.

என்ன செய்யலாம்?

இத்தனையும் பேசிவிட்டு அந்தத் தாயிடம் என்ன சொல்வது? நம் மக்தபில் மெல்ல மெல்லச் செய்த சில மாற்றங்களைச் சொல்கிறோம். பெரிய செலவு எதற்கும் ஆகவில்லை.

முதலாவது, நேரம். மஃக்ரிபுக்குப் பின் நடந்த சிறுவர் வகுப்பை அஸருக்குப் பின் மாற்றினோம். இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு சேர்கிறார்கள். இரவு கவியும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளுங்கள், சற்று நேரம் கழிந்தபின் விடுங்கள் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதை ஓதிக் கொடுத்துக்கொண்டே மஃக்ரிப் வேளையில் 6 வயதுப் பிள்ளைகளைத் தெருவில் நடக்க வைத்தோம் என்பது நமக்கே வெட்கம்.

இரண்டாவது, கூட்டம். ஜப்பானில் பல ஊர்களில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தெருவாரியாகக் குழுவாக, மூத்த மாணவர் முன்னே நடக்க, பள்ளிக்குப் போகிறார்கள். அதே முறையில் ஒரே தெருவின் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புகிறோம். 12 வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் பிள்ளையோ பையனோ பொறுப்பு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அரை மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் தகவல் போய்விடும். ஒரு பிள்ளை தனியே நடக்க நேரும் தூரம் கடைசிச் சில வீடுகள் மட்டுமே.

மூன்றாவது, கடைகள். ஜப்பானில் 1990களிலிருந்து வீடுகளிலும் கடைகளிலும் ஒரு அடையாள ஒட்டி ஒட்டியிருக்கிறார்கள். பயந்த பிள்ளை அந்த ஒட்டி உள்ள இடத்துக்குள் ஓடிவிடலாம். நாம் ஒட்டி எதுவும் அச்சடிக்கவில்லை. வழியிலுள்ள மளிகைக் கடைக்காரர், தையல்காரர், மருந்துக் கடையிலுள்ள பெண்மணி என்று நாலு பேரிடம் பேசினோம். அவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் உண்டு. பிள்ளை விஷயத்தில் அந்தப் பேதம் யாரிடமும் இல்லை. பயமாக இருந்தால் இந்த நாலு இடத்தில் எதற்குள்ளும் போகலாம் என்று பிள்ளைகளுக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். ஒரே ஒருவரிடம் தனியே அனுப்பாமல், ஆள் நடமாட்டமுள்ள திறந்த கடைகளையே தேர்ந்தெடுத்தோம்.

நான்காவது, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள். பள்ளி விட்ட பிறகு அம்மா வரும் வரை இருக்க ஓர் இடம். நம் ஊர்களில் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் திருமண மண்டபங்கள் எத்தனை! ஜமாஅத் அதில் ஒரு கூடத்தைத் திறந்து, இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, மாலை 4 முதல் 7 வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இதை நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை. அந்தத் தாய்க்கு இப்போதைக்குக் கிடைத்திருப்பது பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவரின் வாசல் மட்டுமே. சாவி இப்போது இடுப்பில் இல்லை; அந்த மூதாட்டியிடம் இருக்கிறது. ஆனால் ஒரு மூதாட்டியின் நல்ல மனத்தை நம்பி ஒரு மஹல்லா இருக்கக்கூடாது.

ஐந்தாவது, வீட்டுப் பேச்சு. பிள்ளையிடம் "யாராவது வந்தா பேசாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. வந்தவர் மாமாவாக இருந்தால்? உடலில் எவரும் தொடக்கூடாத இடங்கள் எவை, தொட்டால் என்ன செய்வது, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்பதை வெட்கப்படாமல் சொல்லித் தர வேண்டும். சிறு பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்றுத்தருகிறது. பத்து வயதில் படுக்கைகளைப் பிரிக்கச் சொல்லும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. உடலின் மறைவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவது மேற்கத்திய வழக்கம் என்று ஒதுங்குவோர் இவற்றை மறந்துவிட்டார்கள். பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்ப வேண்டும். அடிக்கக்கூடாது, "நீ ஏன் அங்க போனே?" என்று கேட்கக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, காவல்துறைக்கு 112. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இயங்குபவை.

இப்போது யாராவது தாய் நம்மிடம் "எத்தனை வயதில்?" என்று கேட்டால், நாம் வயது சொல்வதில்லை. பிள்ளையின் பெயரைக் கேட்கிறோம். அது என்னவெல்லாம் தானே செய்யும் என்று கேட்கிறோம். எந்தத் தெரு, எந்த நேரம், வழியில் யாருடைய கடை என்று கேட்கிறோம். சில நேரம் பதில் "அனுப்புங்கள்" என்று வரும், சில நேரம் "இன்னும் ஆறு மாதம் கூட நடங்கள்" என்று வரும். கடைசியில் அந்தத் தெருவில் நம் பங்கு என்ன என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர்கள், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழியைத் தந்தைக்கும் தாய்க்கும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். தெருவில் வசிப்பவன், கடை வைத்திருப்பவன், பள்ளிவாசலில் தொழுதுவிட்டுப் படியில் நின்று பேசுபவன், எல்லோரும் அதில் அடக்கம். இன்று மாலை அஸர் தொழுதுவிட்டு வரும்போது உங்கள் தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஸலாம் சொல்லுங்கள். பெயர் கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை மஃக்ரிபுக்குள் வீடு திரும்பவில்லை என்றால், முதலில் கவனிக்கும் ஆளாக நீங்கள் இருக்கக்கூடும்.

நம் பிள்ளைகளையும் எல்லோருடைய பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. பிள்ளையை இழந்த பெற்றோருக்குப் பொறுமையையும் நீதியையும் தருவானாக. ஆமீன்.